அக்கா வளர்த்த கூம்புப் பூச்செடிகள்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. ஆண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் தோட்டத்து மக்களுக்கும் அவருடைய தங்கையாகிய நான் வணக்கத்துடன் எழுதுகிறேன். அக்காவின் நற்குணங்களை மட்டும் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அத்தான் தடுத்தார். "செடி விசயத்தையும் எழுதிரு புள்ள. ஆளாளுக்கு ஒண்ணு பேசுறாங்க. நடந்தத நடந்த மாதிரி எழுது" என்றார். அக்காவின் கணவர் அவர். அவர் சொன்ன பிறகு மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அக்கா டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். அப்பா மார்புச் சளியில் படுத்தபோது அக்கா பள்ளிக்கூடப் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மறுநாளே வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போய் நின்றார். அதற்காக வருந்தி அவர் ஒரு சொல் சொன்னதை நான் கேட்டதில்லை. என் புத்தகங்களுக்கு அட்டை போட்டுத் தரும்போது மட்டும் நேரம் எடுத்துக்கொள்வார். அட்டை போட்டு முடித்த பிறகும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

வாய் அடங்காதவர் என்று அக்காவுக்குத் தோட்டத்தில் பேர் உண்டு. அவருடைய குழுவில் வேலை செய்த ஒரு பிள்ளைத்தாய்ச்சியை, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா செங்குத்தான மலைக்குப் பேர் போட்டபோது, "அந்த மலைக்கு நா போறேங்க ஐயா. அவள ரோட்டோரத்துல விடுங்க. விழுந்து எந்திரிக்க நம்ம ஒடம்பா அது?" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர். அன்று அந்த மலையில் வழுக்கி முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தார். அந்தத் தழும்பைக் காட்டிக் காட்டிச் சிரிப்பார்.

திருமணமாகித் தலவாக்கலைக்கு அருகே அத்தானின் தோட்டத்துக்கு வந்தார். அத்தானுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அதிகம் பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்து அக்காவே பேசினார். அவர்களுக்கு ஒரே மகள். வளர்ந்து படித்து, இங்கே வேலை கிடைக்காமல், ருமேனியாவில் தையல் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். மகளை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தவர் நாலைந்து நாள் யாருடனும் பேசாமல் இருந்தார். அக்கா பேசாமல் இருந்து அப்போதுதான் பார்த்தோம்.

ருமேனியாவிலிருந்து விடுமுறையில் வந்த ஒரு பெண்ணிடம் மகள் சவர்க்காரமும் சாக்லேட்டும் கொடுத்தனுப்பினாள். கூடவே மடித்த காகிதத்தில் கொஞ்சம் விதை. மகள் வேலைக்கு நடந்து போகும் வழியில் ஒரு பூங்கா இருக்கிறதாம். அங்கே காய்ந்து நின்ற பூவின் தலையை உதிர்த்து எடுத்த விதை. கைபேசியில் பூவையும் காட்டினாள். ஊதா இதழ்கள் கீழே தொங்க, நடுவில் செம்பழுப்பாக முள்முள்ளாய் ஒரு கூம்பு.

"அம்மா, நம்ம ஊரு குளுருக்கு இது நல்லா வரும். நா தெனமும் இதப் பாத்துக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன். நீயும் வாசல்ல வச்சுப் பாரு" என்றாள்.

அதன் பெயர் எகினேசியா என்று மகள் பலமுறை சொல்லியும் அக்காவின் வாயில் நுழையவில்லை. கூம்புப் பூ என்று அவரே பெயர் வைத்துக்கொண்டார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலுக்கு எதிரே லீக்ஸ் போட்டிருந்த பாத்தியில் பாதியை அதற்கு ஒதுக்கினார். "கறிக்கு ஆகுற எடத்துல பூவா?" என்று அத்தான் கேட்டதற்கு, "ஒங்க மக முகத்தக் கறி வச்சா திங்கப் போறீங்க?" என்று அக்கா கேட்டார். அதன் பிறகு அத்தானே மண்ணைக் கொத்திக் கொடுத்தார்.

முதலில் போட்ட விதை ஒன்றும் முளைக்கவில்லை. மழையில் அழுகிவிட்டது என்று அக்கா உடைந்துபோனார். மகள் அங்கே யாரிடமோ விசாரித்துச் சொன்னாள். பனியும் உறைகுளிரும் உள்ள நாட்டுச் செடி அது, விதை ஈரத்தோடு குளிரில் கிடந்து எழுந்தால்தான் முளை விடும், குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவேண்டும் என்று. லயத்தில் யாரிடமும் அது இல்லை. அக்கா மீதமிருந்த விதையை யோகட் கோப்பையில் ஈர மணலோடு கலந்து எடுத்துக்கொண்டு தலவாக்கலைக்கு பஸ் ஏறினார். நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைப் பாயிடம் நீட்டினார்.

"என்ன தங்கச்சி இது? மண்ணக் கொண்டாந்து பிரிஜ்ஜில வைக்கச் சொல்றீங்க?"

"மண்ணு இல்லங்க பாய். மக அனுப்புன வெத. சோடாப் போத்தலுக்குப் பின்னால ஓரமா கெடக்கட்டும்."

பாய் சிரித்துக்கொண்டே வாங்கி, மூடியின்மேல் 'இது சாப்பாடு அல்ல' என்று எழுதி உள்ளே வைத்தார். ஒன்றரை மாதம் போல் அது அங்கே இருந்தது. அக்கா டவுனுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

இந்த முறை முளைத்தது. நெருக்கமாக வந்த கன்றுகளைப் பிரித்துப் பாத்தியில் நட்டார். நத்தை தின்றது போகக் கொஞ்சம் மிஞ்சியது. அடுப்புச் சாம்பலை வளையமாகத் தூவி மிஞ்சியதைக் காப்பாற்றினார். அந்த ஆண்டு முழுவதும் தரையோடு சொரசொரப்பான இலைதான். "பொயிலச் செடியாக்கா வளக்குறீங்க?" என்று பக்கத்துக் காம்பரா வீட்டினர் கேலி செய்தார்கள். இரண்டாம் ஆண்டுதான் பூக்கும் என்று மகள் சொல்லியிருந்ததால் அக்கா சளைக்கவில்லை.

அந்த இரண்டாம் ஆண்டில்தான் நோய் தெரிந்தது. மார்பில் இருந்த கட்டியை அக்கா வெகுநாள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். பேச்சுக்கு அஞ்சாதவர் இதற்கு ஏன் கூசினார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாதக்கணக்கில் போய் வந்தோம். முடி உதிர்ந்தது. நகங்கள் கறுத்தன. போய் வரும் ஒவ்வொரு முறையும் வீட்டுக்குள் நுழையும் முன் பாத்திக்குப் போவார். ஒருநாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தண்டின் நுனியில் பச்சையாக ஒரு பொத்தான் போல் இருந்ததைத் தொட்டுக் காட்டினார். "மொட்டு வந்துருச்சு பாரு" என்றார். அக்காவின் முகத்தில் நான் கடைசியாகப் பார்த்த மகிழ்ச்சி அதுதான்.

அதன் பின் மூச்சுத் திணறி மீண்டும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் உடன் தங்கினேன். ஒருநாள் டாக்டர் அத்தானை நடைபாதைக்கு அழைத்துச் சிங்களத்தில் சொன்னார். இனி மருந்து ஏற்ற முடியாது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், விரும்பியதைக் கொடுங்கள் என்றார். அத்தான் "ஹரி மாத்தயா" என்று சிங்களத்திலேயே சரி சொல்லித் தலையாட்டிவிட்டு, வீட்டைத் தயார் செய்யத் தனியே ஊருக்குப் போனார். அன்று மகள் தொலைபேசியில் பேசியிருக்கிறாள். அப்பாவுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தவள், "அந்தப் பூவோட வேருல செஞ்ச மருந்து இங்க கடையில இருக்குப்பா. சளி காய்ச்சலுக்குக் குடிக்கிறாங்க, ஒடம்புக்குத் தெம்பு வருமாம்" என்றாளாம். சளி என்பதும் காய்ச்சல் என்பதும் அத்தான் காதில் விழவில்லை. மருந்து என்பது மட்டும் விழுந்தது.

நாங்கள் வந்த வேன் லயம் வரை ஏறாது. தோட்டத்துப் பிள்ளைகள் அக்காவை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். வாசலுக்கு வந்ததும் அக்காவின் கண் பாத்திக்குப் போனது. பாத்தி வெறும் மண்ணாகக் கிடந்தது. மொட்டோடு வெட்டிய தண்டுகள் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் வதங்கிக் குவிந்திருந்தன. தகரத்தின்மேல் கழுவிய வேர்கள் காய்ந்துகொண்டிருந்தன.

"செடி எங்கங்க?"

அத்தான் கோப்பையோடு வெளியே வந்தார். "வேரு மருந்தாம். மக சொன்னா. எல்லாத்தையும் தோண்டிட்டேன். குடி, சரியாயிரும்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மொட்டு விட்டிருந்துச்சேங்க" என்றார், சத்தமே இல்லாமல். பிறகு கோப்பையை வாங்கிக் குடித்தார்.

அதன் பிறகு தினமும் காலையில் குடித்தார். இதனால் நோய் குறையாது என்று டாக்டரிடம் கேட்டு வந்து நான் சொன்னபோது, "தெரியும் புள்ள. அவரு ராவெல்லாம் ஒக்காந்து வேர நறுக்குறாரு. நா குடிக்கலன்னா அந்த மனுசன் என்ன பண்ணுவாரு?" என்றார். மகள் கைபேசியில் பூவைக் கேட்டபோது, "பூத்துருச்சும்மா. நீ காட்டுன மாதிரியேதான் இருக்கு" என்று சொன்னார். ஒருநாள் மட்டும், நான் முதுகு துடைத்துவிடும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ண மட்டும் விட்டிருக்கலாம்ல" என்றார். அந்தக் காம்பராவின் இடைச்சுவர் கூரை வரை எட்டாது. அந்தப் பக்கம் அத்தான் இருந்தார். அவர் எழுந்து போய் மழையில் படிக்கட்டில் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். கூப்பிட்டும் வரவில்லை.

கொழுந்துக்கு ஆட்கள் போய் லயம் அடங்கிய ஒரு காலை நேரத்தில் அக்கா போய்ச் சேர்ந்தார். மகளுக்கு வர விடுமுறை கிடைக்கவில்லை. அத்தான் கைபேசியை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னும் கொஞ்சம் பக்கத்துல காட்டுங்கப்பா" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இடையில் சிக்னல் அறுந்துபோனது. அத்தான் அது தெரியாமல் வெகுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

ராகலையிலிருந்து சாவுக்கு வந்த உறவினர் ஒருவரே, அத்தான் குடிவெறியில் செடியைப் பிடுங்கிப் போட்டாராமே என்று என்னிடம் கேட்டார். இல்லை. நடந்தது இதுதான். போன மாதம் அத்தான் தன் வாயாலேயே மகளுக்கும் எல்லாவற்றையும் சொன்னார். நான் சொன்ன சொல்லால்தானே என்று அவள் அங்கே தனியாக அழுகிறாள். பெற்றவருக்கும் பிள்ளைக்கும் நான் சொல்லும் ஆறுதல் எதுவும் எடுபடவில்லை. காலம் ஆற்றும் என்கிறார்கள். ஓராண்டில் இந்த வீட்டில் அது எதையும் ஆற்றியதாக எனக்குத் தெரியவில்லை. பாத்தியில் அத்தான் எதையும் நடவும் இல்லை, யாரையும் நடவிடவும் இல்லை.

அக்காவை நாற்காலியில் தூக்கி வந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், வேலைக்குப் போகாமல் துணையிருந்த லயத்துப் பெண்களுக்கும், பெயர் தெரியாத ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மாவுக்கும், கேதத்தன்று கடையை மூடிவிட்டு வந்து நின்ற பாய்க்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அக்காவைக் குளிப்பாட்டி, ஊட்டி, கடைசிவரை அருவருப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டவர் அத்தான். அவருக்கு யாரும் நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. அதை அக்காவின் சார்பில் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இன்று படையல் முடிந்து அவரைப் பார்க்கும்போது, தயவுசெய்து அந்தச் செடிகளைப் பற்றி யாரும் கேட்கவேண்டாம். சாப்பிட்டீங்களா என்று கேளுங்கள். அவர் சாப்பிட்டிருக்க மாட்டார்.