வெள்ளைக்காரனிடம் நான் சொன்ன வாடகை

இன்று காலை, மாமல்லபுரத்தில் நாங்கள் நாற்பது ரூபாய்க்குக் குடியிருக்கும் வீட்டு வாசலில் ஒரு ஹிப்பி வந்து நின்றான். கடலோரமாக வாடகைக்கு வீடு தேடுகிறானாம்.

பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்களை இப்படி ஒருவனுக்காகத்தான் காலி பண்ண வைத்தார்கள்.

"இந்த வீடு என்ன வாடகை?" என்று இங்கிலீஷில் கேட்டான்.

பயந்து ஓடட்டும் என்று, எட்டாவது வரை படித்த இங்கிலீஷில் "டூ ஹண்ட்ரட்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "வெரி சீப்! வெரி சீப்!"

முதுகுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். வீட்டுக்காரர்!

"இன்னா அண்ணாத்த, இந்த வூடு இருநூறு போவும்னு எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"தமாசுக்குச் சொன்னேங்க."

"அவன் தமாசுக்குக் கேக்கலியே. நீ தர்றியா, அவனுக்கு வுடட்டுமா? சாயங்காலத்துக்குள்ள சொல்லு."

அவர் போனதும் உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். "வாய வெச்சிகினு சும்மா இருக்க மாட்டியா? மூணு புள்ளைங்கள இட்டுகினு எங்கய்யா போறது?"

இப்போது மணி நாலு.

செங்கல்பட்டுப் பக்கம் வீடு ஏதாவது காலியாக இருந்தால் உடனே சொல்லுங்கள். வாடகை பேச என் மனைவிதான் வருவாள். நான் சாமான் தூக்க மட்டும் வருகிறேன்.