வாப்பாவின் தலையில் மாவிலைத் தண்ணீர்

நேற்று லாத்தா மகன் வாட்சாப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். "சாச்சி, ஸபர் மாசம் ஒடுக்கத்துப் புதன்ல குளிக்கிறதெல்லாம் மார்க்கத்துல இல்ல. சின்னப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்காதீங்க." தாடி நரைத்தும் இவனுக்குத் தன் தாயின் கதை தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. லாத்தா என்றால் என் அக்கா.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்த புதிது. ஸபர் மாதக் கடைசிப் புதனன்று மலாக்காவே தஞ்சோங் கிளிங் கடற்கரையில்தான் கிடக்கும். பள்ளிவாசல் லெப்பை மாவிலையில் குங்குமப்பூ மையால் ஓதி எழுதித் தருவார். அதைக் கரைத்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு கடலில் இறங்கினால் வருஷத்துப் பீடை போச்சு. மலாய்க்காரர்களுக்கும் அதே கணக்கு. காஜா பெராங்கில் எங்கள் பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டிப் பெண்கள் மலாய் பேசினாலும் சாமி கும்பிடுகிறவர்கள். அவர்களும் மலாய்க் கெபாயாச் சட்டை உடுத்தி, நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தோடு முதல் ஆளாய் மாட்டு வண்டியில் ஏறிவிடுவார்கள். பீடைக்கு மதம் ஏது?

தற்செயலாகப் பார்ப்பதுபோல் பெண் பார்ப்பதும் அங்கேதான். லாத்தாவைத் தெங்கேராப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் அங்கே பார்ப்பதாகப் பேச்சு. முன்பே ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. போதாக்குறைக்கு இந்த மாப்பிள்ளையை அவளுக்கு ரொம்பப் பிடித்தும் போயிருந்தது.

அந்த வருஷம் பார்த்தா வாப்பாவுக்குச் சீர்திருத்தம் பிடிக்க வேண்டும்! பள்ளிவாசல் கமிட்டியில் புதிதாக இடம் கிடைத்திருந்தது. "இனிமே என் வூட்டுலேர்ந்து ஒருத்தரும் அந்தப் பாந்தாய்க் கரைக்குக் குளிக்கப் போவமாட்டாங்க" என்று ஊர் முன்னால் முழங்கிவிட்டு வந்தார். லாத்தா வெங்காயம் உரிக்கிற சாக்கில் அழுதாள்.

உம்மா கெட்டிக்காரி. "நல்லதுதாங்க. ஆனா யார் யார் குளிக்கிறாங்கன்னு கமிட்டிக்குச் சொல்ல ஒரு ஆளு வேணாமா?" வாப்பாவின் நெஞ்சு நிமிர்ந்தது. "தனியாப் போனா, பொம்பளைங்க குளிக்கிற எடத்துல இவருக்கு என்னா வேலைன்னு கேப்பாங்க. நாங்களும் வர்றோம்."

போனோம். வாப்பா மணலில் நின்று, "இதெல்லாம் வழிகேடு!" என்று பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு வாளி மாவிலைத் தண்ணீர் அவர் தலையில் கவிழ்ந்தது. சீறிக்கொண்டு திரும்பினார். மாப்பிள்ளையின் உம்மா நின்றுகொண்டிருந்தார்.

"பீடையெல்லாம் போவட்டும், சம்பந்தி! பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு."

வாப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமீன்" என்றார். கமிட்டியில் போய், கடற்கரையில் யாரையும் காணோம் என்று சொன்னாராம்.

இப்போது நிஜமாகவே யாரையும் காணோம். கரையில் ஓட்டல்கள் நிற்கின்றன. நாங்கள் எல்லோரும் சுத்தமாகிவிட்டோம். எவ்வளவு சுத்தமென்றால், செட்டி வீட்டாரும் நாங்களும் ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தின்று வருஷக்கணக்காகிறது.

மருந்து குடித்துவிட்டு அவனுக்குப் பதில் பேசி அனுப்பினேன். "சரிப்பா, நான் குளிக்கல. ஆனா அன்னிக்கு ஒங்க வாப்பாவைப் பெத்தவ அந்தத் தண்ணிய ஊத்தலேன்னா, இன்னிக்கு எனக்கு மார்க்கம் சொல்ல நீ ஏதுடா?"

கேட்டிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள் லாத்தா. அவளும் போய்விட்டாள்.