குண்டுக்குத் திசை கிடையாது

மாதனூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் மேகலா பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். அதில் ஒன்பது வருஷம் ஊசி பிடிக்கிற மிஷினோடு கழிந்தது. தையலில் ஒடிந்த ஊசித் துண்டு ஷூவுக்குள் தங்கிவிட்டால் காட்டிக்கொடுக்கிற மிஷின் அது. பெல்ட்டில் வைத்த ஷூ ஒரு பெட்டிக்குள் நுழைந்து மறுபக்கம் வரும். உள்ளே இரும்பு இருந்தால் மிஷின் கத்தும், பெல்ட் நின்றுவிடும். இந்த வேலைக்கு பி.எஸ்சி. இயற்பியல் எதற்கு என்று கேட்டால் எதற்கும் இல்லைதான். ஆனால் மேகலா வேலூருக்கு மூன்று வருஷம் பஸ்ஸில் போய் அதைப் படித்திருந்தாள். வேறெங்கும் அந்தப் படிப்பை யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெட்டிக்குள் கம்பிச் சுருளும் காந்தப் புலமும் இருப்பது அந்த லைனில் அவளுக்கு மட்டுமே தெரியும். கல்லூரிப் புத்தகத்தில் ஃபாரடே பற்றி ஒரே ஒரு பக்கம் இருந்தது. அது அவளுக்கு மனப்பாடம். புத்தகம் பைண்டு பண்ணுகிற கடையில் வேலை கற்ற மனிதர், கணக்கு அதிகம் வராது. கம்பிக்குப் பக்கத்தில் காந்தத்தை வைத்துவிட்டு மின்சாரம் வரும் வரும் என்று வருஷக்கணக்காகப் பார்த்தார், வரவில்லை. காந்தத்தை அசைத்த பிறகுதான் வந்தது. வராத நாட்களையும் ஒளிக்காமல் நோட்டில் எழுதி வைத்தார். இயற்கை பொய் சொல்லாது, நாம்தான் கேள்வியைத் தப்பாகக் கேட்கிறோம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அப்படித்தான் மேகலா முடிவு செய்து வைத்திருந்தாள். அவளும் மிஷின் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருந்தாள். எது கத்தியது, எது கத்தவில்லை எல்லாம் அதில் இருக்கும்.

போன வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒரு புகார் வந்தது. கம்பெனி அனுப்பிய ஷூ ஒரு குழந்தையின் கால் விரலில் குத்தியிருக்கிறது. முன்பக்கத் தையலுக்குள் குறுக்காகப் பாதி ஊசி. ஊசியை எடுக்காமல் ஷூவை அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி தருவார்கள். புகாரில் இருந்த தயாரிப்புத் தேதியை ரிஜிஸ்டரில் புரட்டினால் தையல்காரி ஜஹீதாவின் பெயருக்கு எதிரே பாதி ஊசிதான் ஒட்டியிருந்தது. மீதி கிடைக்காததால் அன்றைய ஜோடிகளையெல்லாம் மிஷினில் இரண்டு முறை விட்டதாக மேகலா கையெழுத்துப் போட்டிருந்தாள். அப்புறமென்ன, குற்றவாளி தயார். மேகலா மிஷினில் விடாமலே கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று முடிவாகிவிட்டது. குவாலிட்டி மேனேஜர் கோதண்டபாணி மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்.

அந்த ஷூவை ஒரே ஒரு முறை மிஷினில் விட்டுப் பார்க்கலாம் என்று மேகலா கெஞ்சினாள். அவரும் கெட்டவர் இல்லை, வந்து நின்றார். முதலில் சோதனை அட்டை. அதில் கடுகளவு இரும்புக் குண்டு ஒன்று பதித்திருக்கும். அதை ஒவ்வொரு மணிக்கும் விட்டு மிஷின் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மிஷின் கத்தியது. பிறகு ஷூவை எப்போதும் போல விரல் பக்கம் முன்னால் இருக்கும்படி வைத்தாள். அது சத்தமில்லாமல் மறுபக்கம் வந்தது. இன்னும் இரண்டு முறை விட்டாள். மிஷின் வாயே திறக்கவில்லை.

மேகலா ஷூவை எடுத்துப் பார்த்தாள். ஊசி கண்ணுக்குத் தெரிகிறது, மிஷினும் நன்றாக இருக்கிறது. ஷூவைத் திருப்பிக் குறுக்காக வைத்து விட்டாள். மிஷின் அலறி பெல்ட் நின்றது.

"குண்டுக்குத் திசை கிடையாது சார், எப்படிப் போனாலும் ஒண்ணுதான். ஊசிக்கு இருக்கு. நீளவாக்குல போனா மிஷினுக்குத் தெரியுது, குறுக்கப் படுத்துக்கினு போனா தெரியல. நாம தெனம் குண்டத்தான் கேட்டுக்கினு இருந்திருக்கோம்" என்றாள்.

அந்த ஒரு நிமிஷம் அவள் சந்தோஷமாக இருந்தாள். பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததே இல்லை. அதே சந்தோஷத்தை எதிர்பார்த்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மிஷினை ஆஃப் செய்துகொண்டிருந்தார்.

"அப்போ இதுவரைக்கும் அனுப்புனதெல்லாம்?" என்று கேட்டார்.

அதை அவள் யோசிக்கவே இல்லை. ஒன்பது வருஷமாக அத்தனை ஷூவையும் விரல் பக்கம் முன்னால் வைத்து அனுப்பியது அவள் கைதான்.

கோதண்டபாணி மெதுவாகச் சொன்னார். "மிஷின்தான் தப்புன்னு போனா மொத்த மாலும் திரும்பும், லைன மூடிடுவாங்க. பஸ்ல வர்ற இத்தன பொம்பளைங்களும் வீட்டுக்குப் போவணும். ஒரு ஆளு மறந்துட்டான்னா அந்த ஒரு ஆளோட போய்டும்மா."

இனி ஒவ்வொரு ஜோடியையும் திருப்பி வைத்து இரண்டாவது முறை விட வேண்டும் என்று மட்டும் அவள் கேட்டாள். அவர் தலையாட்டினார். மிஷினில் விட மறந்துவிட்டேன் என்று மேகலா எழுதிக் கொடுத்தாள். கத்தாததைக்கூடக் கத்தவில்லை என்றே எழுதி வந்தவள், நடக்காததை எழுதியது அன்றைக்குத்தான். நோட்டையும் அவர் வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து அவளுக்கு வேலை இல்லை.

இப்போது ஆம்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். வேலை போய் இரண்டு மாதம் கழித்து ஜஹீதா அங்கே ஆதார் அட்டையை நகலெடுக்க வந்தாள். கம்பெனியில் இப்போது ஷூவைத் திருப்பித் திருப்பி ரெண்டு தபா விடுவதாகவும், கோதண்டபாணி சார் கண்டுபிடித்த முறை என்று அவருக்குச் சால்வை போட்டதாகவும் சொன்னாள்.

"திருப்பி வுட்டதுல எதுனா கத்துச்சா?" என்று மேகலா கேட்டாள்.

"மொத நாளே மூணு."

ஒரு நாளைக்கு மூன்று. ஒன்பது வருஷத்துக்கு எத்தனை என்று மேகலாவின் மனம் பெருக்க ஆரம்பித்து, பாதியில் பயந்து நின்றுவிட்டது. எந்த ஊரில், எந்தக் குழந்தையின் காலில் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஜஹீதா நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னாள். "ஒடஞ்ச ஊசி என்னோடதுதான்க்கா, இல்லேன்னு சொல்லல. ஆனா நீ அன்னிக்கு ஒரு தபா வுட்டிருந்தீன்னா அந்தக் கொயந்த காலு தப்பிச்சிருக்கும்ல?"

"ஆமா, மறந்துட்டேன்" என்றாள் மேகலா.