விமானத்தில் அரை மணி, பஸ்ஸில் ஒரு பகல்

அந்தச் சின்ன விமான நிலையத்தில் டிக்கெட் பார்ப்பது, பெட்டி நிறுப்பது, ஆளை நிறுப்பது எல்லாமே ஒரே பெண்தான். ஊர் அவருக்கு வைத்த பெயர் தராசக்கா. மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போகும் விமானத்தில் ஒன்பது பேர் உட்காரலாம். நேராகப் பறந்தால் அரை மணி நேரம். மலையைச் சுற்றிக்கொண்டு பஸ் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். விமானம் சின்னது என்பதால் பையோடு ஆளும் தராசில் ஏறித்தான் ஆகவேண்டும்.

"இந்த மிஷின் பொய் சொல்லுது" என்று மல்லுக்கு நின்றவர்கள் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறியவர்களும் உண்டு. ஒருமுறை எடையைச் சத்தமாகச் சொல்லப்போய், ஒரு தலைமையாசிரியை டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடையைக் கட்டினார். அன்றோடு தராசின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார் தராசக்கா.

அண்ணன் வீட்டில் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் அப்படித் திருப்ப முடியவில்லை. அம்மா படுக்கையில் கிடந்த கடைசி மாதம் பார்க்கப் போனவர், உறவுக்காரர்கள் எதிரில், "அம்மா ரொம்ப மெலிஞ்சுட்டாங்க" என்றார். அம்மாவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அண்ணி. அதன் பிறகு அவர் நாத்தனாரிடம் முகம் கொடுத்துப் பேசவேயில்லை.

அண்ணியின் மகளுக்கு மலைக்கு அந்தப் பக்கம் குழந்தை பிறந்தது. அண்ணன் முன்னாடியே போய்விட்டார். லீவு போட்டுவிட்டுக் கிளம்பிய தராசக்காவுக்கும் அண்ணிக்கும் ஒரே விமானத்தில் இடம் அமைந்தது. காத்திருக்கும் அறையில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லாரும் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு அவசரமாக மருந்துப் பெட்டிகள் வந்தன. எடை கூடிவிட்டது.

"யாராவது ஒருத்தர் இறங்கணும்" என்றார் பைலட்.

"நான் பஸ்ல போயிக்கிறேன்" என்று தராசக்கா பையைத் தூக்கினார்.

பஸ் புறப்படும்போது பக்கத்து சீட்டில் தொப்பென்று ஒரு பை விழுந்தது. அண்ணி.

"நீங்க ஏன் அண்ணி வந்தீங்க? உங்களுக்குத்தான் இடம் இருந்துச்சே?"

"அரை மணி நேரத்துல பேசி முடிக்கிற சங்கதியா நமக்குள்ள இருக்கு? நகர்ந்து உக்காரு."

முதல் வளைவிலேயே அண்ணி ஆரம்பித்துவிட்டார். "ஒவ்வொரு வாய்க்கும் உங்கம்மாகிட்ட கெஞ்சினேன். நீ வந்து நின்னு பாத்துட்டு, மெலிஞ்சுட்டாங்கன்ன. நான் பட்டினி போட்டேன்னுதானே எல்லாரும் நினைச்சிருப்பாங்க?" முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அதையெல்லாம் அண்ணி கண்டுகொள்ளவில்லை.

"அந்த அர்த்தத்துல சொல்லலை, அண்ணி. தினமும் இதே வேலையா போச்சா, யாரைப் பாத்தாலும் எடைதான் முதல்ல கண்ணுல படுது. அது மத்தவங்க காதுல எப்படி விழும்னு நான் யோசிக்கலை. தப்புதான்."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ என்னைப் பாத்தா எவ்வளவு தெரியுது?"

"தலையே போனாலும் சொல்ல மாட்டேன்."

அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் விட்டாரா? அம்மாவின் மருந்து, வந்துபோன உறவு, வராத உறவு என்று ஒன்று விடாமல் எடுத்தார். சிலதற்குத் தராசக்கா பதில் சொன்னார், சிலதைத் தன் தப்பென்று ஒப்புக்கொண்டார். நடுவில் இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கியும் போனார்கள்.

போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. கதவைத் திறந்த மகள், "பிளேன் காலையிலேயே வந்துடுச்சே, ரெண்டு பேரும் எங்க போனீங்க?" என்றாள்.

"வழி நெடுக உங்க அத்தைகூட சண்டை போட்டுக்கிட்டு வந்தேன்" என்ற அண்ணி, தன் பையை நாத்தனார் கையில் திணித்துவிட்டு, குழந்தையைத் தூக்குவதற்காகக் கை கழுவப் போனார்.