ஆறாம் மாடியில் ஒரு கறுப்புக் கோட்டு

ஊரிலேயே முதல் அடுக்குமாடிக் கட்டடம் எழும்பியபோது வாய் பிளந்து வேடிக்கை பார்த்தவர்கள் ஆயிரம் பேர். குடிவரச் சொன்னால் மட்டும் ஆளுக்கொரு சாக்கு. கீழே ஐந்து மாடியும் எப்படியோ நிரம்பிவிட்டன. ஆறாம் மாடிக்கு ஓராண்டாகியும் ஆளில்லை. "லிஃப்ட் கயிறு அறுந்தா யார் பதில் சொல்றது?" என்றார்கள்.

இதில் உருண்டது காவலாளி சாவிக்காரர் தலை. கட்டடத்துச் சாவிக்கொத்து எப்போதும் அவர் இடுப்பில் தொங்கியதால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் மனைவியே மறந்திருந்தாள். படிக்கட்டுக்கு அடியில் அவர்களுக்கு ஓர் அறை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். பதினோரு வீடு மாறி அலுத்தவர்களுக்கு அதுவே அரண்மனை. அதற்குத்தான் முதலாளி உலை வைத்தார்.

"மாசக் கடைசிக்குள்ள மேல்மாடிக்கு ஆள் பிடி. இல்லேன்னா உன் ரூமைக் கடைக்கு விட்டுடுவேன்."

சாவிக்காரருக்கு அன்று ஒரு வாய் இறங்கவில்லை. மனைவி கைகாரி. மூன்றாம் மாடி வக்கீல் வீட்டுக்குத் துணி துவைப்பவள் அவள்தான். கோர்ட்டு விடுமுறையில் வக்கீல் துவைக்கப் போட்ட கறுப்புக் கோட்டை, நேரே ஆறாம் மாடி பால்கனிக் கொடியில் காயப்போட்டாள்.

"அங்கதான் நல்லா வெயில் அடிக்குது" என்றாள், சிரிக்காமல்.

மறுநாள் வக்கீல் கழுத்து சுளுக்க அண்ணாந்து பார்த்தார். "மேல யாருய்யா வர்றது? வக்கீலா?"

"கோட்டு வக்கீல் கோட்டுதாங்க" என்றார் சாவிக்காரர்.

"என்னைவிடப் பெரிய ஆளா?"

"உயரம், பருமன், பேரு எல்லாம் சரியா உங்க அளவுதாங்க."

"கையெழுத்து ஆயிடுச்சா?"

"இன்னும் ஆகலைங்க."

மனிதர் பொய்யே சொல்லவில்லை, கவனியுங்கள்! தன் தலைக்கு மேல் இன்னொரு வக்கீல் நடப்பதா? மூன்று நாள் பொருமிவிட்டு, நான்காம் நாள் ஆறாம் மாடிக்கு மூன்று வருட ஒப்பந்தத்தில் அவரே கையெழுத்துப் போட்டார். அவர் காலி செய்த மூன்றாம் மாடிக்கு அன்று மாலையே ஆள் வந்தாயிற்று.

சந்தோஷத்தில் ஒரு காரியம் மறந்துபோனது. கோட்டைக் கொடியிலிருந்து யாருமே எடுக்கவில்லை. சாமான்களோடு மேலே வந்த வக்கீல் அதைத் தொட்டுப் பார்த்தார். உள்பையில் தன் மனைவி போட்ட சிவப்பு ஒட்டு!

"மோசடி! உன்னைக் கோர்ட்டுக்கு இழுக்கிறேன் பார்!"

சாவிக்காரர் இந்த அறையும் போச்சு என்றே நினைத்தார். படி துடைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"தாராளமா இழுங்க சார். வழக்குல என்னன்னு எழுதுவீங்க? உங்க கோட்டுக்குப் பயந்து நீங்களே மூணு மாடி ஏறினதாவா?"

வக்கீல் கோட்டை உருவி அவள் கையில் திணித்தார்.

"இஸ்திரி போட்டுக் கொண்டா" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

படிக்கட்டு அறையில் அவர்கள் இன்னும் இருபத்தாறு வருடம் வாழ்ந்தார்கள். தலை கடைசிவரை இடித்துக்கொண்டேதான் இருந்தது.