நான் போனில் போட்ட வாக்கு

இலங்கைத் தேர்தல் முடிவு வந்த காலை, மஸ்கட்டின் ரூவியில் எங்கள் அறையில் நாலு யாழ்ப்பாணத்தார் பிளேன்டீயோடு போனைச் சுற்றி இருந்தோம். நான் ஆதரித்த கட்சி வென்றிருந்தது. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க எங்களுக்கு வழியில்லை. அதனால் பதினாறு வருடமாக யாருக்குப் போடுவதென்று நான் போனில் சொல்வேன், ஊரில் மனைவி போடுவாள். அதை என் வாக்கென்றே நினைத்திருந்தேன்.

உடனே அவளை அழைத்தேன். “நாங்கள் வெண்டிட்டம்.”

“நீங்கள் வெண்டிட்டியள். நான் மற்றாக்களுக்குத்தான் போட்டனான்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏன் முதலே சொல்லவில்லை என்று கத்தினேன். மற்ற மூவரும் தங்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள்.

“நீங்கள் கேட்டாத்தானே சொல்ல” என்றாள்.

இத்தனை தேர்தலில் அவள் எப்போது யாருக்குப் போட்டாள் என்பதே எனக்குத் தெரியாது. அதைக் கேட்க வாய் வரவில்லை. பேச்சை மாற்றினேன். புதிய அரசியலமைப்புக்குச் சர்வசன வாக்கெடுப்பு வைப்பார்களாம், அதற்கு ‘ஆம்’ என்று போடு என்றேன்.



“அரசாங்கமே சனத்திட்டைக் கேக்கப் போகுது. நீங்கள் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறியள்.”