முன்தாளில் நான்கு பெயர்கள்

வேதப்புத்தகத்தின் முன்தாளில் எழுதிய பெயரை எவராலும் நம் வீட்டிலிருந்து கொண்டுபோக முடியாது என்று நாங்கள் நம்பியிருந்தோம். அந்நாளில் அந்தத் தாளைத் திறந்தால் முதலில் எழுவது தோல் ஒட்டும் "சொலூஷன்" வாடை. தாராவியின் பட்டறையொன்றில் பை தைத்துவந்த அப்பா, மிச்சப்பட்ட ஆட்டுத்தோலில் தாமே அதற்கு மேலட்டை போட்டிருந்தார்.

முன்தாளில் அப்பா, அம்மா, நான்; எனக்குக் கீழே, அதே நீல மையில், சுகிர்தா. தாயை இழந்த ஒன்றரை வயதுக் குழந்தையாக அவளை எங்களிடம் விட்டுச் சென்றவர், அப்பாவுடன் பட்டறையில் இருந்த அவளுடைய தகப்பன். இதை அம்மா அவளிடம் ஒளித்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போதகர் "புத்திர சுவிகாரம்" என்று தொடங்கி, பிறப்பினால் அல்ல, சேர்த்துக்கொள்ளப்பட்டதினாலேயே நாம் தேவனுடைய பிள்ளைகள் என்று விளக்கும்போதெல்லாம், தன்னைப் பற்றித்தான் சபைக்கே சொல்கிறார்கள் என்பதுபோல அவள் என் விலாவில் முழங்கையால் இடிப்பாள்.

"எல்லாரையும் என்ன மாதிரிதான் எடுத்து வளக்காராம். நீதான்க்கா சும்மா பொறந்துட்ட."

அவளுக்கு ஒன்பது வயதானபோது அந்தத் தகப்பன் அவளை அழைத்துப்போகப் புது மனைவியுடன் உல்லாஸ்நகரிலிருந்து வந்தார். கெட்டவர் அல்லர்; மகளைக் கண்டதும் அழுதார். கையில் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அப்பா எடுத்து விரித்ததோ அந்த முன்தாளை. வேறொரு காகிதம் வேண்டியிருக்கும் என்று அத்தனை ஆண்டுகளில் அவருக்குத் தோன்றவேயில்லை. துணைக்கு அழைத்திருந்த போதகரை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நான்கே பெயர்கள் இருந்த பக்கத்தை அவர் வெகுநேரம் படித்தார்.

"கோர்ட்டுல ஒரு பேப்பர் வாங்கி வச்சிருக்கலாமே, அண்ணாச்சி."

அம்மா சுகிர்தாவுக்குத் தலை பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடியும் பின்னினாள். சுகிர்தா அழவில்லை.

"என் பேர அழிச்சிருவியளாப்பா?"

"இல்லம்மா."

அதற்குமேல் கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

இரண்டு கிறிஸ்துமஸ்களுக்கு உல்லாஸ்நகர் போய் அவளைப் பார்த்து வந்தோம். மூன்றாவது முறை அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். இப்போது பட்டறை இருந்த குறுகிய சந்து, இடித்துக் கட்டுவதற்காகப் போட்ட தகரத் தடுப்புக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. மேலட்டையின் வாடையும் போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் இறந்த நாள்களை அவரவர் பெயருக்கு எதிரே நானே எழுதினேன். சுகிர்தாவின் பெயருக்கு எதிரே எழுத எனக்கு எதுவும் தெரியாது. சேர்த்துக்கொண்டவர் கைவிடுவதில்லை என்று ஞாயிறுதோறும் இன்னமும் கேட்கிறேன், நம்பவும் செய்கிறேன். அவள் பெயர் அழியாத அந்தத் தாளை வைத்துக்கொண்டு, இங்கே நான் ஒருத்தி இருக்கிறேன்.